செருப்புக் காவல் இனி வேண்டாம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைப் பொறுப்பாக வளர்க்கும் தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

போன ஆண்டு விளையாட்டு விழா அன்று நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் கபடி இறுதி ஆட்டம். மைதானமே அலறிக்கொண்டிருந்தது. வெயிலுக்காக நான் வேப்பமரத்தடிக்கு ஒதுங்கினேன். அங்கே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை. கைகால்கள் இறுகியிருக்கும், நடந்தால் கத்தரிபோலக் கால் பின்னும். அவனைச் சுற்றிலும் செருப்புகள், தண்ணீர் பாட்டில்கள், கழற்றி வைத்த வாட்சுகள்.

"இங்க என்னப்பா பண்றே?" என்று கேட்டேன்.

"செருப்புப் பாத்துக்கறேன் டீச்சர்."

"எப்ப இருந்து?"

"ஆறாங்கிளாஸ்ல இருந்து நான்தான் டீச்சர். ஒரு செருப்புகூடக் காணாமப் போனதில்ல."

அதைப் பெருமையாகச் சொன்னான். எந்தச் செருப்பு யாருடையது என்று வாரைப் பார்த்தே சொல்லுவானாம், சொல்லியும் காட்டினான். அந்தப் பெருமைதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. வாரத்துக்கு இரண்டு விளையாட்டுப் பாடவேளை, மூன்று வருஷம். ஏறக்குறைய இருநூறு பாடவேளை அந்தப் பிள்ளை எங்கள் கண்ணெதிரே செருப்புக்குக் காவல் இருந்திருக்கிறான். பதிவேட்டில் அவனுக்கு எல்லா நாளும் 'வருகை' என்றுதான் இருக்கிறது. பி.இ.டி. சார் மீது நான் குறை சொல்ல மாட்டேன். விழுந்து அடிபட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் அவர் அவனை நிழலில் உட்கார வைத்தார். தலைமையாசிரியர் என்ற முறையில் நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. அவனிடமும் அவன் அம்மாவிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடமும் கேட்கிறேன்.

நம் பள்ளியில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் பதினொரு பேர் படிக்கிறார்கள். இந்தக் கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து விளையாட்டுப் பாடவேளையில் எந்தப் பிள்ளையையும் ஓரமாக உட்கார வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஏழு பேர் விளையாடத் தொடங்கிவிட்டார்கள். நான்கு பிள்ளைகளின் வீட்டிலிருந்து இன்னும் ஒப்புதல் வரவில்லை. முதலில் அந்த நான்கு வீடுகளுக்காக இந்தக் கடிதத்தை எழுதினேன். எழுத எழுத, எல்லாப் பெற்றோரும் படிக்க வேண்டியது இது என்று பட்டது.

நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவைத் தெரியாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். என் தலைக்கு மேல் ஒரு சாணுக்கும் கூடுதலான உயரம் அது. பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். இதெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. ஓர் ஆசிரியராக என் மனதில் நிற்பது அதற்கு முந்தைய ஒரு சங்கதி. பள்ளியில் அவர் மற்றப் பையன்களோடு வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார். அங்கே இருந்த உடற்கல்வி ஆசிரியர்தான் அவரைக் கவனித்து, உயரம் தாண்டிப் பார் என்று ஊக்கப்படுத்தினார். பதினான்கு வயதில் கலந்துகொண்ட முதல் போட்டியில், கைகால் நன்றாக இருந்த பிள்ளைகளுக்கு நடுவே தாண்டி இரண்டாம் இடம் பிடித்தார். அந்த ஆசிரியர் அவரைச் செருப்புப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பாரிஸில் அதே 2024இல் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் பேட்மின்டனில், கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவில் வெள்ளி வாங்கினார். அதே பிரிவில் மணிஷா ராமதாஸ் வெண்கலம், உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். காது கேளாத மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா, 2022இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மின்டனில் மூன்று தங்கம் வென்றார். உங்கள் பிள்ளையும் பதக்கம் வாங்க வேண்டும் என்பதற்காக இந்தப் பெயர்களை நான் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடி ஆடுவதே போதும். பதக்கம் வரும் என்றால்தான் விளையாட விடுவோம் என்று கணக்குப் பார்த்தால், நம் எல்லாருடைய பிள்ளைகளையும் மரத்தடியில்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

சரி, என்ன விளையாடுகிறார்கள் என்று கேட்பீர்கள். செருப்புக் காவல் இருந்த நம் பையன் இப்போது போச்சா ஆடுகிறான். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிற ஆட்டம். கைகால் கட்டுப்பாடு மிகக் குறைந்தவர்களை மனதில் வைத்தே வந்தது. முதலில் வெள்ளைப் பந்து ஒன்றை உருட்டி விடுவார்கள். பிறகு ஒரு பக்கம் ஆறு சிவப்புப் பந்து, இன்னொரு பக்கம் ஆறு நீலப் பந்து. யாருடைய பந்து வெள்ளைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கோலி ஆடிய கைகளுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும். கையால் எறியலாம், காலால் உதைக்கலாம், அதுவும் முடியாதவர்கள் ஒரு சாய்தளத்தில் வைத்து உருட்டிவிடலாம். போட்டிப் பந்து ஒன்றின் எடை ஏறக்குறைய 275 கிராம். அதை வாங்க இப்போதைக்கு நம்மிடம் பணமில்லை. தையல் தெரிந்த அம்மா ஒருவர் பழைய துணியில் பை தைத்துப் புளியங்கொட்டை நிரப்பிக் கொடுத்தார். தராசில் வைத்து எடை சரிபார்த்தது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து சாய்தளம் செய்தோம். முதல் நாள் அவன் பந்தைப் பிடித்தபோது விரல்கள் இறுகிக்கொண்டன, விட முடியவில்லை. எதிரணிப் பிள்ளைகள் சத்தம் போடாமல் காத்திருந்தார்கள். கை தளர்ந்து பந்து உருண்டு, இரண்டு நீலப் பந்துகளுக்கு நடுவே புகுந்து வெள்ளையைத் தொட்டு நின்றது. "டேய், அவுட்டுடா நீங்கல்லாம்!" என்று கத்தினான். போச்சாவில் ஆள் அவுட் ஆவது என்று ஒன்று கிடையாது. யாரும் அவனைத் திருத்தவில்லை.

பார்வை குறைந்த மாணவிக்காகக் கால்பந்தைப் பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டினோம். பந்து உருளும்போது சரசரவென்று சத்தம் வரும், அதைக் கேட்டு ஓடிப் போய் எடுக்கிறாள். அவள் ஓட்டப் பயிற்சியும் செய்கிறாள். அவள் கையையும் தோழியின் கையையும் ஒரு ஷூ லேஸ் இணைத்திருக்கும். உடன் ஓடுகிறவர் வழிகாட்டலாம், இழுக்கக் கூடாது. எல்லைக்கோட்டையும் பார்வையற்றவர் தாண்டிய பிறகுதான் வழிகாட்டி தாண்ட வேண்டும் என்பது பாராலிம்பிக் விதி. கோட்டுக்கு ஒரு அடி முன்னால் தன் வேகத்தை அடக்கிப் பின்னால் வருகிற அந்தத் தோழியை நீங்கள் வந்து பார்க்க வேண்டும். காது கேளாத அண்ணன் தங்கை இருவருக்காக விசிலோடு சிவப்புக் கொடியும் காட்டுகிறோம். கொடி வந்த பிறகு, விசிலைக் கவனிக்காமல் ஓடுகிற மற்றப் பிள்ளைகளும் ஒழுங்காக நிற்கிறார்கள்.

மற்றப் பெற்றோர்களில் சிலர் நேரில் வந்து கேட்டீர்கள்: "இதனால எங்க பிள்ளைங்க ஆட்டம் கெட்டுப்போகாதா டீச்சர்?" நியாயமான கேள்விதான், நானும் யோசித்தேன். மாவட்டப் போட்டிக்குப் போகும் கபடி அணியின் பயிற்சி முன்போலவே காலையிலும் மாலையிலும் நடக்கிறது, அதில் ஒரு நிமிஷமும் குறையாது. பாடவேளை என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. ஆட்டத்தை மாற்றினால் தரம் குறைந்துவிடும் என்பதும் சரியில்லை. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் கூடையின் உயரம் வழக்கமான அதே பத்து அடிதான், மைதானமும் அதே அளவுதான். மாறுவது ஒரு சில விதிகள் மட்டுமே. அமர்ந்து ஆடும் வாலிபாலில் வலையை ஆண்களுக்கு 1.15 மீட்டருக்குத் தாழ்த்துகிறார்கள். நம் பள்ளி வாலிபால் அணியைத் தரையில் உட்கார வைத்து ஆடச் சொன்னோம். நகர முடியாமல் திணறிப்போனார்கள். போலியோவால் கால் மெலிந்த பெற்றோர் ஒருவர் அன்று வந்திருந்தார். அவர் கைகளை ஊன்றி ஊன்றித் தரையில் சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்துக் கொடுத்த வேகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள்.

இப்போது, ஒப்புதல் தராத நான்கு வீடுகளுக்கு. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. "விழுந்தா யாரு கண்ணு பாக்கறது?" என்று ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஊர் கண் முன்னால் பிள்ளையை நிறுத்த வேண்டாமே என்று ஓர் அப்பா சொன்னார். விழமாட்டார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, எல்லாப் பிள்ளைகளும்தான் விழுகிறார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு யாரையும் இறக்கிவிடவும் மாட்டோம். தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளையைக் களைத்துப்போகும் அளவு ஆட விட்டால் தசைக்குக் கெடுதல், அதனால் அந்தப் பிள்ளைக்கு நேரமும் ஆட்டமும் வேறு. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கலாம். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் குட்டிக்கரணம் போட விடமாட்டோம். காதுக்குள் கருவி பொருத்திய பிள்ளைக்குத் தலையில் பந்து படக் கூடாது. வலிப்பு உள்ளவர்கள் மாத்திரை நேரத்தைத் தவறவிடக் கூடாது. இவற்றை நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் எங்களுக்குத் தெரியும். நோயை மறைத்தால் பள்ளியில் ஒதுக்க மாட்டார்கள் என்று எண்ணிச் சிலர் மறைக்கிறீர்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்த பிறகே ஆட்டத்தை முடிவு செய்கிறோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, கல்வியோடு விளையாட்டு வாய்ப்பையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது. நாங்கள் உங்கள் பிள்ளைக்குச் சலுகை எதுவும் தரவில்லை.

இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் ஏழாம் வகுப்பு மாணவி விளையாட்டுப் பாடவேளைக்கு வரமாட்டேன் என்றே அடம்பிடித்தாள். ஏன் என்று சத்துணவு ஆயாதான் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். விளையாடினால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், நம் கழிப்பறைக்குள் அவள் நாற்காலி நுழையாது. காலையில் வீட்டில் கிளம்பும்போது ஒரு வாய் குடிப்பதோடு சரியாம், மாலை நாலரை வரை. நாம் பந்தும் கொடியும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவளைத் தடுத்து வைத்திருந்தது ஒரு குறுகலான கதவு. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, ஒரு கழிப்பறையின் கதவை அகலமாக்கிக் கைப்பிடிக் கம்பி பொருத்திவிட்டோம். வராந்தாவிலிருந்து மைதானம் வரை மணலில் சக்கரம் புதைகிறது. அதற்குச் சிமென்ட் பாதை போட வேண்டும். கொத்தனார் வேலை தெரிந்த பெற்றோர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கை கொடுத்தால் கூலிச் செலவு மிச்சமாகும். ஜல்லியும் சிமென்டும் குழுவின் பொறுப்பு.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. விருப்பமுள்ள பிள்ளைகளை அனுப்புவோம். அதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை கையில் இருப்பது நல்லது. இன்னும் எடுக்காதவர்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள், விண்ணப்பிக்க நாங்களே உதவுகிறோம்.

இதோடு ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். பிள்ளைக்கு என்ன மருந்து, எதைச் செய்யக் கூடாது, எதைச் செய்ய ஆசைப்படுகிறான் என்று மூன்றே கேள்விகள். மூன்றாவதைப் பிள்ளையிடம் கேட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் நேரில் வந்தால் நான் எழுதிக்கொள்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு மைதானத்தில் எல்லா ஆட்டங்களும் நடக்கும். வேலைக்குப் போகிறவர்கள் அரைமணி நேரமாவது வந்து நின்று பாருங்கள். யோசிக்க அவகாசம் வேண்டும் என்பவர்கள் பிள்ளையை ஆட அனுப்ப வேண்டாம், நீங்கள் மட்டும் வந்தால் போதும்.

வருகிறவர்கள் செருப்பை மைதானத்து ஓரத்தில் கழற்றிவிட வேண்டியிருக்கும். வேப்பமரத்தடியில் பழைய பெஞ்சுப் பலகைகளை இரண்டு தட்டாக அடித்து ரேக் செய்து வைத்திருக்கிறோம். அதில் வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அன்புடன்,
தலைமையாசிரியர்