ஐசி கேட்காமல் கொடுத்தவர்களுக்கு

பொங்கல் முடிந்தது, தைப்பூசமும் முடிந்தது, சீனப் பெருநாள் வரப்போகிறது. வெள்ளத்துக்குப் பிறகு இப்போதுதான் உட்கார்ந்து எழுத எங்கள் வீட்டில் ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசையும் உங்களில் யாரோ கொடுத்ததுதான். லோரியில் கொண்டுவந்து இறக்கியவர் யார் அனுப்பியது என்று சொல்லாமலே போய்விட்டார். தனித்தனியாக நன்றி சொல்லலாம் என்றால் பாதிப் பேரின் பெயர்கூட எங்களிடம் இல்லை, அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முந்தின நாளிலிருந்தே விடாத மழை, ஒரு மாதம் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டியது என்று பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். நாட்டின் கண் முழுக்க ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அங்கே சனம் கூரை மேலும் மாடியிலும் படகுக்காகக் காத்துக் கிடந்தது. கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ ஓரம், ஆற்றுக்குப் பக்கத்தில் தாழ்வாகக் கிடக்கும் எங்கள் இரண்டு வரிசை வீடுகளுக்கு வந்தது அதோடு பார்த்தால் சின்ன வெள்ளம்தான். நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணீர் வந்தது, மறுநாளே இறங்க ஆரம்பித்துவிட்டது, உயிர்ச்சேதம் இல்லை. செய்தியில் வராத இடத்தை யார் எட்டிப் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தோம்.

ஞாயிறு காலை தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும்போதே முதல் ஆள் வந்துவிட்டார். இது ஏதோ அதிசயம் என்று நினைக்காதீர்கள். போன ஜூலையில் வெள்ளைக் கொடி கட்டிய நேரம் நினைவிருக்கும். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் வேலை போய், அரிசிக்கும் வழியில்லாதவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் பார்த்து உதவுவார்கள் என்று நாடு முழுக்கப் பரவியதே, அப்போது எங்களுக்குப் பக்கத்துச் செந்தூலில் அரிசி, மைலோ, பால்மாவு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். கட்டுப்பாடு தளர்ந்த பிறகு அதில் காலை வணக்கப் படங்களும் கறிவேப்பிலைக் கன்று விற்பனையும்தான் ஓடிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை ராத்திரி யாரோ எங்கள் தெரு வீடியோவை அதில் போட, விடிவதற்குள் யாரிடம் லோரி இருக்கிறது, யாரிடம் பம்பு இருக்கிறது, யார் சமைப்பது என்று பேசி முடித்துவிட்டார்கள். யார் சொன்னால் செய்வார், யார் சொல்வதோடு சரி என்பதெல்லாம் வெள்ளைக் கொடி நேரத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளம் வந்த பிறகு புதிதாகக் கமிட்டி போட்டிருந்தால் தலைவர் யார் என்பதில்தான் முதல் வாரம் போயிருக்கும்.

சாப்பாடு. பெட்டாலிங் ஜெயாவில் சீக்கியர்களின் குருத்துவாராவில் வெள்ளத்தில் மாட்டியவர்களுக்காக ஆயிரக்கணக்கில் சைவச் சாப்பாடு சமைத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. கோயில் மடப்பள்ளியிலிருந்து சாம்பார் சாதம் வந்தது, பின்வரிசை மலாய்ப் பெண்கள் நாசி லெமாக் பொட்டலம் கட்டி வந்தார்கள், சூராவ் என்னும் சின்னத் தொழுகைக் கூடத்தின் படியில் எங்கள் பாட்டிமார் வரிசையாக உட்கார்ந்து தே ஓ, அதான் பால் விடாத டீ, குடித்தார்கள். அப்புறம் மூலை உணவகத்துத் தம்பிகள். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து, கடைக்கு மேல்மாடியில் ஒரே அறையில் இத்தனை பேர் படுத்து எழும் பிள்ளைகள். வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு நாம் எப்படி உதவலாம் என்றுதான் எங்கேயும் பேச்சு. வெள்ளம் வந்த ராத்திரி படுக்கையிலிருந்து எழ முடியாத எங்கள் தெருத் தாத்தாவை நாற்காலியோடு தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனது அவர்கள்தான். தாத்தா இப்போது நன்றாக இருக்கிறார், அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கித் தருவதாகச் சொல்லி அவர்கள் கடையிலேயே டீ கேட்கிறார்.

சுத்தம் செய்ய வந்தவர்களைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வேலையைப் படம் பிடித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். வெள்ளச் சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளினால் போய்விடும், ஒரு நாள் வெயில் பட்டால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும். அதனால் அந்த முதல் நாளில் ஒரு வாட்டர் ஜெட், நாலு ரப்பர் துடைப்பான், குளோராக்ஸ், ரப்பர் பூட்ஸ் இவற்றோடு வந்தவர்கள் செய்தது பெரிய உதவி. பூட்ஸ் எதற்கு என்று கேட்காதீர்கள், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு, அதுவும் காலில் வெட்டுக்காயத்தோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம், உயிரையே எடுத்துவிடலாம். மின்சார வேலை தெரிந்த இரண்டு பேர் வீடு வீடாகப் போய், நாங்கள் பார்த்துச் சொல்லும்வரை மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது என்று அதட்டி, பிளக் பாயிண்டுகளைக் கழற்றிக் காயவைத்துப் பூட்டினார்கள், காசு வாங்கவில்லை. அவர்கள் அதட்டியதற்கும் நன்றி. பழைய துணி மூட்டை மூட்டையாக வந்ததைப் பற்றி மட்டும் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்: துவைக்க இடமில்லாத, காயப்போடக் கொடியில்லாத வீட்டுக்குத் துணி மூட்டை இன்னொரு வேலை. அடுத்த முறை எங்கேயாவது வெள்ளம் வந்தால் உள்ளாடை, பேம்பர்ஸ், பெண்களுக்கான பேட், மெத்தை, கேஸ் அடுப்பு, இதையெல்லாம் அனுப்புங்கள். எல்லாம் புதிதாக.

இனி, தலைப்பில் சொன்ன ஐசி விஷயம். ஐசி என்றால் மைகாட், மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை. எங்கள் வரிசையில் இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தது. வன்னியிலிருந்து, 2009 போருக்குப் பிறகு வந்தவர்கள். பெயர் எழுதப்போவதில்லை, காரணம் உங்களுக்கே தெரியும். தண்ணீர் வாசல்படிக்கு வந்தபோது நாங்கள் டிவியைத் தூக்குவதா, பிரிட்ஜைத் தூக்குவதா என்று கத்திக்கொண்டிருந்தோம். அந்த அக்கா ஒரு பொருளையும் தொடவில்லை. பிளாஸ்டிக் உறையில் இருந்த காகிதங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் மேட்டில் நின்றார். எங்களில் பலருக்கு ஐசி வெள்ளத்தோடு போனது. போனால் என்ன, வெள்ளத்தில் தொலைந்த ஐசிக்குத் தேசியப் பதிவிலாகா கட்டணம் இல்லாமல் புதியது கொடுத்தது, அதைக் காட்டி குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் வெள்ள நிவாரணத்துக்கும் பதிந்துகொண்டோம். அதற்கும் நன்றி, அந்தப் பணம் அப்போது ரொம்ப உதவியது. அக்காவிடம் எல்லாக் காகிதமும் நனையாமல் பத்திரமாக இருந்தது, ஆனால் அதில் மைகாட் இல்லையே. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்துப் போடவில்லை. ஐ.நா. அகதிகள் நிறுவனமான யூ.என்.எச்.சி.ஆர். கொடுக்கும் அட்டை இருந்தாலும் சட்டப்படி வேலை செய்ய முடியாது, பிள்ளைகளை அரசாங்கப் பள்ளியில் சேர்க்க முடியாது, அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கழிவு உண்டு, அவ்வளவுதான். வெள்ளம் எல்லார் வீட்டிலும் ஒரே உயரத்துக்குத்தான் வந்தது. குழுவின் பட்டியல் எழுதிய அண்ணன் எந்த வீட்டிலும் ஐசி கேட்கவில்லை. வீட்டு எண், எத்தனை பேர், என்ன வேண்டும், இந்த மூன்றுதான் எழுதினார். அந்த நோட்டுப் புத்தகத்தில் எங்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அக்கா பிளவுஸ் தைத்துக் குடும்பத்துக்குக் கைகொடுப்பவர். பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் வந்த துணிகளெல்லாம் சேற்றில் ஊறிவிட்டன, தையல் மெஷின் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. மெஷின் பழுதுபார்க்கும் சீன அங்கிள் ஒருவர் வந்து, பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, அங்கேயே ஐந்தடியில், அதாவது வாசலை ஒட்டிய நடைபாதையில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பாபின் இருக்கும் இடம் முழுக்கச் சேறு. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி பூட்டினார். சக்கரம் நகரவேயில்லை. திரும்பவும் கழற்றினார். மாலையில் சக்கரம் சுற்றியபோது அக்கா சிரித்தாரோ இல்லையோ, அங்கிள் சிரித்தார். மோட்டார் மட்டும் தேறவில்லை, பழைய மோட்டார் ஒன்றைப் போட்டு அதற்கு மட்டும் காசு வாங்கினார், அதைக் குழு கொடுத்தது. துணி கொடுத்திருந்த பெண்களுக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். துணி போனதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, தைக்காத பிளவுசுக்குத் தையல்கூலி கொடுத்தவர்களும் உண்டு.

அந்த வீட்டில் அவர்களால் தொடர்ந்து இருக்க முடியவில்லை. மாடி வீடு பார்க்க வேண்டும், பார்த்தால் இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத முன்வாடகை. இவ்வளவு மொத்தமாக யார் கொடுப்பார்? எங்கள் பெண்கள் கூட்டு போடுகிறார்கள், மாதாமாதம் எல்லாரும் பணம் கட்டி, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பது. அதில் டிசம்பர் முறை எடுக்க வேண்டியவர் தன் முறையை அந்த அக்காவுக்கு விட்டுக்கொடுத்துக் கடைசி முறைக்குப் போய்விட்டார். அவருக்கும் நனைந்த வீடுதான், மெத்தைகூட இல்லை. கூட்டு நடத்துவதைத் தொழிலாக்கக் கூடாது என்று 1971லேயே சட்டம் இருக்கிறது, அதனால் இதைப் பற்றி ரொம்பவும் பெருமையடித்துக்கொள்ள முடியாது, ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. அக்கா இப்போது எல்லாரையும் போல மாதாமாதம் கட்டுகிறார், ஒன்றாம் தேதி தவறுவதில்லை, எங்களில் சிலரைவிட ஒழுங்கு.

படம் கேட்காமல் கொடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அரிசி மூட்டையைவிடப் பெரிய பேனரோடு வந்தவர்களும் உண்டு, பரவாயில்லை, அரிசி அரிசிதான், வாங்கிக்கொண்டோம். ஆனால் யூ.என்.எச்.சி.ஆர். அட்டை வைத்திருக்கும் பிள்ளையைக் கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு நிறுத்திப் படமெடுத்து ஊருக்குக் காட்டுவது வேண்டாம் என்று சொன்னபோது உங்களில் பெரும்பாலோர் சரி என்று போனை உள்ளே வைத்துவிட்டீர்கள். முகம் சுளித்த ஓரிருவரும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை.

பணக் கணக்கு ரசீதுகளோடு கோயில் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. வாங்கியவர்கள் பெயர் இருக்காது, வாங்கிய பொருளும் விலையும் இருக்கும். மீதிப் பணத்தை அகதிப் பிள்ளைகள் படிக்கும் கல்வி மையத்துக்கு மேசை நாற்காலி வாங்கக் கொடுப்பது என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. பெரிய அண்டா இரண்டு இன்னும் எங்கள் ஐந்தடியில் கிடக்கிறது. ஒன்றில் சிவப்புப் பெயிண்டில் ‘மகளிர் பிரிவு’ என்று எழுதியிருக்கிறது, எந்தக் கோயில் மகளிர் பிரிவு என்று எழுதவில்லை. பச்சை வாட்டர் ஜெட் ஒன்றும் நீளமான குழாயோடு இருக்கிறது. உங்களுடையது என்றால் ஞாயிறு காலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் எல்லாரும் மார்க்கெட்டில் இருப்போம்.