மாவுக்கட்டுக்குள் இருக்கும் கைக்கு

அன்புள்ள நண்பா,

மணிக்கட்டு முறிந்து வலக்கையில் மாவுக்கட்டுடன் இருக்கிறாய் என்று அறிந்தது முதல் உன் நினைவாகவே இருக்கிறேன். வில் பிடித்த கை சும்மா கிடக்க, பிறர் வயலின் வாசிக்கும் காணொளிகளைப் பார்த்துப் பொழுதை வீணாக்குவதாக வருந்தி எழுதியிருந்தாய். அது வீண் அன்று என்று சொல்லத்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் ஜாக்கோமோ ரிசொலாத்தியின் குழுவினர் 1992-இல் வெளியிட்ட குரங்கு ஆய்வைப் பற்றி நாம் முன்பு பேசியிருக்கிறோம். ஒரு பொருளைக் குரங்கு தானே எடுக்கும்போது கிளர்ந்த சில நரம்பணுக்கள், ஆய்வாளர் எடுப்பதை அது வெறுமனே பார்த்தபோதும் கிளர்ந்தன. கண்ணாடி நியூரான்கள் என்ற பெயர் பின்னர் வந்தது. 1995-இல் அதே குழுவினர் மனித மூளையில் உடல் அசைவுகளை ஆளும் இயக்கப் பகுதியைக் காந்தத் துடிப்பால் தூண்டிப் பார்த்தபோது, பிறர் ஒரு பொருளைப் பற்றுவதைக் கண்டுகொண்டிருந்தவர்களின் கைத்தசைகளில், அச்செயலுக்குத் தேவையான தசைகளிலேயே, மின்குறி வலுத்தது. இந்த அணுக்களால் பிறர் மனம் முழுவதையும் விளக்கிவிடலாம் என்று சிலர் பெரிதாகச் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் கண் பார்க்கும்போது இயக்கப் பகுதியும் விழித்துக்கொள்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எல்லோருக்கும் அது ஒரே அளவில் விழிப்பதில்லை. பாலே ஆடுபவர்களுக்கும் கபோயிரா என்னும் பிரேசில் தற்காப்புக் கலை பயின்றவர்களுக்கும் இரு வகை அசைவுகளையும் காட்டிய 2005-ஆம் ஆண்டு ஆய்வில், தாம் பயின்ற அசைவுகளைப் பார்க்கும்போதுதான் அவர்களுடைய மூளையின் இயக்கப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. ஆகவே, வில்லைத் தொட்டறியாத நான் பார்ப்பதும் நீ பார்ப்பதும் ஒன்றல்ல.

உன் நிலைக்கு மிக நெருங்கியது 2014-இல் வெளியான ஓர் ஆய்வு. நலமானவர்களின் வலக்கையை 10 மணி நேரம் அசையாதபடி கட்டிவைத்தார்கள். அந்நேரத்தில் இயற்கை பற்றிய ஆவணப்படம் பார்த்தவர்களுக்கும், கட்டுண்ட கை அசைவதாக மனத்தில் கற்பனை செய்தவர்களுக்கும் அந்தக் கைக்குரிய இயக்கப் பகுதியின் தூண்டல் திறன், அதாவது தூண்டினால் எளிதில் கிளரும் தன்மை, குறைந்தது. பிறரின் கைச்செயல்களைக் கவனித்தவர்களுக்கோ அது குறையவில்லை. பத்து மணி நேரமும் உன் பல வாரங்களும் ஒன்றாகிவிடாது, எலும்பு கூடுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மருத்துவர் சொல்லும் பயிற்சிகளுக்கு இது மாற்றும் ஆகாது. இருந்தாலும், முகத்தையோ மேடையையோ அல்லாமல், வில் பிடிக்கும் கையையே நெருக்கமாகக் காட்டும் காணொளிகளைத் தேர்ந்தெடு.

இன்னோர் ஆய்வும் உண்டு. பழக்கமில்லாத ஒரு விசைக்கு எதிராகக் கையை நகர்த்த ஒருவர் தடுமாறிக் கற்பதைப் பார்த்தவர்கள், பின்பு அதையே தாம் செய்தபோது, பார்க்காதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பார்க்கும்போது மனக்கணக்குப் போட்டதால் அப்பயன் கெடவில்லை. கையை வேறு விதமாக அசைத்துக்கொண்டே பார்த்தபோதுதான் கெட்டது. இதைப் படித்த பின், ஷூ நாடா கட்டப் பழகும் என் பேத்தியிடம் முதலில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் விரல்களைப் பார்க்கச் சொல்கிறேன். நேற்று முதல் முடிச்சு விழுந்தது. அவளைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி அதிகம்.

நீயும் இடக்கையால் எதையாவது உருட்டிக்கொண்டு பார்க்காதே. கட்டைப் பிரித்து முதன்முதலாக வில்லை எடுக்கும் அன்று கை எதை மறந்திருந்தது, எதை மறக்கவில்லை என்று எனக்கு விரிவாக எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்