செங்கோட்டை பாசஞ்சருக்கு ஒரு ஆட்டோ

பாளையங்கோட்டை

அன்புள்ள கூட்டாளிக்கு,

உம்ம கடிதம் வந்து பத்து நாளாகிறது. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர். மாநகர பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட், ஆட்டோவையும் அதிலேயே கூப்பிடலாம் என்று. கடைசியில் “நம்ம ஊருக்கு எப்போ வே வரும்?” என்றும் கேட்டிருந்தீர். வந்தால் அந்த டிக்கெட்டை என் வீட்டில் யார் வாங்குவார்கள் என்று அன்றிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன்.

முதலில் வீட்டுக்காரி. டவுனுக்குத் தினமும் வேலைக்குப் போகிறவள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் காலையில் இரண்டு ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டுப் பிங்க் பஸ்ஸுக்காக நிற்பாள். ராத்திரி திரும்பும்போது மட்டும் காய்கறிப் பையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். ஏன் என்று கேட்டேன். “காலையில நின்னா பஸ் வந்துரும். எட்டு மணிக்கு மேல வருமா வராதான்னு தெரியாதுல்லா” என்றாள். உம்ம சென்னையின் 1000 ரூபாய் மாத பஸ் பாஸ் மாதிரி ஒன்றை இவளிடம் விற்க முடியாது வே. ராத்திரி ஆட்டோவில் ஓர் இடம் நிச்சயம் என்றால் மட்டும் காசு கொடுப்பாள்.

அம்மா வேறு ரகம். முழங்கால் இடிக்க முன்பின் தெரியாதவர்களோடு உட்கார மாட்டாள். அதே தெருக்காரர்கள் நாலு பேர் என்றால் ஏறிக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். வண்டியைப் பங்கு போடுவதில் அவளுக்குச் சங்கடமே இல்லை, யாரோடு என்பதில்தான். பையனிடம் கேட்கவே வேண்டாம், அவனையும் பைக்கையும் பிரிக்க முடியாது.

என் கதை வேறு. அம்பாசமுத்திரத்துக்குப் போக செங்கோட்டை பாசஞ்சர் போதும், டிக்கெட்டும் மலிவு. ஆனால் பாளையிலிருந்து ஜங்ஷனுக்குத் தனி ஆட்டோ பிடித்தால் அந்த டிக்கெட்டைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். ஷேர் ஆட்டோவோ ஆள் நிறையாமல் நகராது. ரயில் எனக்காக நிற்காது. போன மாதம் வண்ணார்பேட்டையில் அப்படி உட்கார்ந்திருந்தபோதே ரயில் போய்விட்டது. ரயில் டிக்கெட்டோடு நேரத்துக்குக் கிளம்புகிற ஆட்டோ இடமும் சேர்த்துக் கொடுத்தால் நாளைக்கே வாங்குவேன்.

மாதம் ஒரு தொகை கட்டினால் எல்லா வண்டியும் என்பதை ஹெல்சிங்கியில் ‘விம்’ என்று 2016-ல் தொடங்கினார்கள். 499 யூரோவுக்கு அளவில்லாத திட்டம்கூட வைத்திருந்தார்கள். நடத்திய நிறுவனம் 2024-ல் திவாலாகிவிட்டது. அதற்கு முன்பே, 2013-14-ல், ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஆறு மாதம் சோதனை நடந்தது. அதில் எனக்குப் பிடித்தது, இந்த மாதம் செலவாகாத மீதி அடுத்த மாதத்துக்குப் போகும் என்ற ஏற்பாடு. நம் ஆட்களுக்கும் அதுதான் சரிப்படும். கட்டிய காசு வீணாகப் போனால் எவன் மறுபடி கட்டுவான்?

இதையெல்லாம் வழக்கமாக ஏறும் ஷேர் ஆட்டோக்காரரிடமும் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். “மாசக் காசு எவன் கைக்குப் போகும் அண்ணாச்சி? எனக்கு அன்னன்னைக்கு டீசல் போடணும்லா.” இதற்கு ‘சென்னை ஒன்’ செயலியில் என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதும்.

அப்புறம், ஆனித் தேருக்குக் கட்டாயம் வாரும். பிள்ளைகளையும் கூட்டி வாரும். ஜங்ஷனில் இறங்கியதும் போன் போட்டால் போதும், பையனைப் பைக்கோடு அனுப்புகிறேன்.

உம்ம
கூட்டாளி