பாதியில் விடாதவன்

வெள்ளவத்தை, கொழும்பு

அன்பின் மச்சான்,

அன்று தொலைபேசியில் நம் நண்பன் இறந்த செய்தியைச் சொன்னதோடு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எட்டுச்செலவும் முடிந்து, வந்த சனமெல்லாம் போன பிறகுதான் எழுத இருக்கிறேன்.

தொடர்மாடி வீட்டில் இடம் போதாது என்று மலர்ச்சாலையில்தான் கிரியை நடந்தது. திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்தோம். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். கனத்தையில் தகனம்.

பேராதனை வளாகத்தில் அக்பர் விடுதியிலிருந்து பாலத்தால் மகாவலியைக் கடந்து விரிவுரைக்கு ஓடுவோமே, நினைவிருக்கிறதா? நெற்றி நிறையத் திருநீறும் கையில் ஸ்லைட் ரூலுமாக அவன் மட்டும் நடுப்பாலத்தில் நின்று, ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பான். பரீட்சைக் காலத்திலும் வெள்ளிக்கிழமை குறிஞ்சிக் குமரன் கோயில் பூசையை விடமாட்டான்.

அதே ஆற்றை விக்டோரியாவில் 122 மீற்றர் உயரத்துக்கு மறித்தபோது அவன் அங்கே வேலையில் இருந்தான். 83 ஆடிக் கலவரமும் அப்போதுதான் வந்தது. மனைவியும் பிள்ளைகளும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில். அவர்களைக் காங்கேசன்துறைக்குக் கப்பலேற்றிவிட்டு மறுபடி அணைக்கே போனான். "உனக்கென்ன விசரோ?" என்று சத்தம் போட்டேன். "கொங்கிறீற் பாதியில நிக்குது மச்சான். நாளைக்கு அதுக்குக் கீழ சனமெல்லோ இருக்கப்போகுது" என்றான். நான் அதன்பிறகு ஒரு வருடம் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. 1985இல் அணை திறந்த பிறகுதான் குடும்பத்தைத் திரும்பக் கூட்டிவந்தான். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை.

சோதனைச் சாவடிக் காலத்தில் மகள் ரியூசன் முடிந்து வரும்வரை, பொலிஸ் பதிவுத் துண்டின் பிரதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்பான். மழையென்றாலும் நிற்பான்.

ஓய்வுபெற்ற பிறகு வெள்ளி தவறாமல் 101 பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கிக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு நடப்பான். நானும் சில நாள் போவேன். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த கோயில் அல்லவா? கும்பிட்டு முடிந்ததும் தூணைத் தடவி, கல்லோடு கல் பொருந்திய இடத்தை எனக்குக் காட்டுவான். எத்தனை தரம் காட்டியிருப்பான்! ஒவ்வொரு தரமும் அன்றைக்குத்தான் கண்டவன்போல முகம் மலரும்.

நீ அறியாத ஒன்றைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். பக்கவாதம் வந்து அவன் மனைவிக்கு ஆறு வருடமாகப் பேச்சில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கையால்தான் காட்டுவா. அவன் விடிய எழும்பி, அவவைத் துடைத்து, தலை வாரி, திருநீறு பூசிவிட்டுக் கட்டிலருகே இருந்து சிவபுராணம் தொடங்குவான். ஒருநாள் தற்செயலாக ஓர் அடியில் நிறுத்தினானாம். மிச்சத்தை அவ சொன்னாவாம். மற்ற ஒரு சொல்லும் வராத வாய்க்கு அது மட்டும் வந்தது. அதன்பிறகு தினமும் வேண்டுமென்றே ஒவ்வொரு அடியிலும் நிறுத்துவான். நிறுத்திவிட்டு அவ முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அவன் போனதிலிருந்து அவ வாய் திறக்கவில்லை. மகள் பாடிப் பார்த்தாள், அசைவில்லை. நேற்று விடிய நான் போய்க் கட்டிலருகே இருந்து தொடங்கினேன். நாலைந்து அடி போனதும் அழுகை வந்து நின்றுவிட்டேன். நான் விட்ட இடத்திலிருந்து அவ எடுத்து, மெல்லச் சொல்லிக்கொண்டு போனா.

31ஆம் நாள் அந்தியேட்டி. பயணம் செய்யக்கூடிய உடம்பென்றால் வா. என் வீட்டில் அறை இருக்கிறது.

உன் பழைய அறைத்தோழன்