தம்பி, ஸ்டுடியோ அப்புறம் கட்டலாம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கள் யூனிவர்சிட்டியில் ஆன்லைன் எம்.ஏ. ஆரம்பிக்கப் போகிறார்கள், கமிட்டியில் என்னையும் போட்டிருக்கிறார்கள், நீதான் அந்த மாதிரி ஆன்லைன் எம்.ஏ. படித்துக்கொண்டிருக்கிறாயே, மாணவர்கள் பக்கத்திலிருந்து என்ன வேண்டும் என்று பாயிண்ட் பாயிண்டாக எழுதி அனுப்பு என்றாய். பாயிண்ட் போட்டு எழுத எனக்குப் பிடிக்காது, கூட்டுறவுச் சங்கத்தில் தீர்மானப் புத்தகம் எழுதி எழுதியே அது அலுத்துவிட்டது. மனதில் வருகிறபடி எழுதுகிறேன், உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்.

பச்சைத் திரை, ரெண்டு கேமரா, லைட்டு எல்லாம் வைத்து ஸ்டுடியோ கட்டப் போவதாகச் சொன்னாயே, அதைக் கேட்டதும்தான் இதை உடனே எழுதணும் என்று தோன்றியது. ஸ்டுடியோவை அப்புறம் கட்டிக்கொள்ளலாம் தம்பி. அந்தக் காசில் முதலில் பதில் சொல்ல ஆள் போடுங்கள். நான் சொல்லப்போவது மொத்தமும் இதுதான், மீதியெல்லாம் இதற்கான கணக்கு வழக்கு.

போன செமஸ்டரில் எனக்கு ஆய்வு முறையியல் பேப்பர் இருந்தது. அதில், ரெண்டு விஷயத்துக்குள் தொடர்பு உண்டா என்று அட்டவணை போட்டுப் பார்க்கிற கை-ஸ்கொயர் பாடத்தை நடத்தியவர் ஸ்லைடில் இருந்ததை அப்படியே வாசித்தார். ரெண்டு வரிசை, மூணு நிரல் உள்ள ஒரு அட்டவணையைக் காட்டி, இதற்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 2 என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். ஆறு கட்டம் இருக்கிறதே, எப்படி 2 வந்தது? வரிசையில் ஒன்றைக் கழி, நிரலில் ஒன்றைக் கழி, ரெண்டையும் பெருக்கு என்று சூத்திரம் இருக்கிறது, ஏன் கழிக்கணும் என்பது எங்கேயும் இல்லை. திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதையேதான் சொல்கிறார், வீடியோ வேறென்ன சொல்லும். டவுட் கேட்கிற பக்கத்தில் எழுதிப் போட்டேன். பதில் வந்தது, பரீட்சை முடிந்த பிறகு, உங்கள் கேள்வி பதிவு செய்யப்பட்டது, நன்றி என்று.

எனக்கு அதைப் புரியவைத்தது எங்கள் வாட்ஸப் குரூப்பில் இருக்கிற, ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒரு பையன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரு வாய்ஸ் நோட் போட்டான். "மேடம், ஓரத்துல இருக்கிற மொத்தங்களை நீங்க மாத்த முடியாதுல்ல, அப்ப ரெண்டு கட்டத்துல மட்டும்தான் உங்க இஷ்டத்துக்கு நம்பர் போடலாம், மீதி நாலும் தானா வந்து உட்கார்ந்துடும்." அந்த ரெண்டுதான் டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அவ்வளவுதான். கூட்டுத்தொகை தெரிந்தால் பேரேட்டில் விட்டுப்போன தொகையைக் கண்டுபிடிக்கிறோமே, வருஷக்கணக்காக நான் செய்கிற வேலை அது, சட்டென்று பிடிபட்டுவிட்டது. அந்தப் பையன் ஒன்றும் பேராசிரியரை விடப் பெரிய படிப்பாளி இல்லை. நான் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்பது அவனுக்குத் தெரிந்தது, வீடியோவுக்குத் தெரியவில்லை.

யூஜிசி, அதுதான் பல்கலைக்கழக மானியக் குழு, ஆன்லைன் பாடத்துக்கு நாலு பகுதி வைத்திருக்கிறதே, வீடியோ, படிக்கிற பாடம், கலந்துரையாடல், மதிப்பீடு என்று, உனக்குத் தெரியாததா. அதில் மூன்றாவது பல இடங்களில் பெயருக்குத்தான் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் வாட்ஸப்பில் பேசிக்கொள்கிறோம், அங்கே ஒரு ஆசிரியரும் கிடையாது, யாரோ தப்பாகச் சொன்னால் அத்தனை பேரும் அதையே பரீட்சையில் எழுதிவைக்கிறோம். நீங்கள் ஆரம்பிக்கும்போது முப்பது பேருக்கு ஒருவர் என்று ட்யூட்டர் போடுங்கள். பிஎச்.டி. பண்ணுகிற பிள்ளைகள் போதும், ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். ரெண்டு நாளுக்குள் பதில், அதுவும் பெயர் போட்ட பதில். அட்மின் என்று வந்தால் யாரிடம் திரும்பக் கேட்பது?

என் ப்ராஜெக்ட்டே ஆன்லைன் படிப்பை யார் பாதியில் விடுகிறார்கள் என்பதுதான், அதற்காகத் தேடியபோது ரெண்டு விஷயம் கிடைத்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தை ஆரம்பித்த முதல் வருஷம், 2012-13இல், 17 கோர்ஸ்களுக்கு 8,41,687 பதிவுகள் வந்திருக்கின்றன. சான்றிதழ் வரைக்கும் போனது 43,196. நூற்றுக்கு ஐந்து. அது இலவசம், சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அதில் நிறைய, அதனால் இந்தக் கணக்கை வைத்து ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உலகத்திலேயே பெரிய பேராசிரியர்கள் நல்ல கேமராவில் பாடம் நடத்தினாலும் ஆள் கடைசி வரை உட்கார்ந்துவிட மாட்டான் என்பதற்கு இது போதும்.

இன்னொன்று இங்கிலாந்தின் ஓப்பன் யூனிவர்சிட்டி. 1971 ஜனவரியில் பாடம் ஆரம்பித்தார்கள். பிபிசியில் பாடம் போட்டார்கள் என்றுதான் எல்லோரும் அதைப் பேசுவார்கள், டிவியில் வந்ததால் அதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு ட்யூட்டர் இருந்தார், எழுதி அனுப்புகிற கட்டுரையைத் திருத்தி, ஓரத்தில் குறிப்பு எழுதித் தபாலில் திருப்பி அனுப்புவார், கோடையில் ஒரு வாரம் நேரில் வரவழைத்தும் வகுப்பு நடத்தினார்கள். இன்டர்நெட் இல்லாத காலத்தில் தபால்காரரை வைத்துச் செய்ததை இப்போது செய்ய முடியாதா என்ன? நான் இதுவரை கொடுத்த அசைன்மெண்ட் ஒன்றுகூட ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வரவில்லை. 30க்கு 24 என்று வரும். அந்த 6 எங்கே போயிற்று என்று யாராவது சொன்னால்தானே அடுத்த முறை எடுக்க முடியும்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். கமிட்டியில் யாராவது ஆறு நிமிஷத்துக்கு மேல் வீடியோ போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வார்கள், பார். 2014இல் எட்எக்ஸ் வீடியோக்களை யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று 69 லட்சம் தடவை பார்த்த கணக்கை எடுத்து ஒரு ஆய்வு செய்தார்கள், வீடியோ எவ்வளவு நீளமானாலும் பாதிப் பேர் ஆறு நிமிஷத்துக்கு மேல் உட்காரவில்லை என்று வந்தது. அதையே பிடித்துக்கொண்டு எல்லாப் பாடத்தையும் துண்டு துண்டாக நறுக்குகிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி. வரையறை சொல்கிற பாடத்துக்கு ஆறு நிமிஷம் தாராளம், கணக்கு என்றால் இருபது நிமிஷம் ஆனாலும் ஒரே மூச்சில் முழுசாகச் செய்து காட்டணும். அதே ஆய்வில் இன்னொரு முடிவு இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஸ்லைடு போட்டுப் பேசுவதை விடக் கையால் எழுதிக்கொண்டே விளக்குகிற வீடியோவை ஜனங்கள் அதிக நேரம் பார்த்திருக்கிறார்கள். ஒரு பேனா டேப்லெட்டும் நல்ல மைக்கும் போதும் தம்பி. முகம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை, குரல் கரகரத்தால் ரெண்டு நிமிஷம்கூடக் கேட்க முடியாது.

ஒவ்வொரு வீடியோவோடும் எழுத்து வடிவத்தையும் கொடுங்கள், ஆடியோவை மட்டும் தனியாக இறக்கிக்கொள்ளவும் வழி வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா வைத்திருப்பவர், ஒரு மணி நேரப் பாடத்தை நல்ல தெளிவில் பார்த்தால் அன்றைக்கு அதில் பெரும்பகுதி காலி. எங்கள் பேட்ச்சில் ஒரு பெண் தினம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய்வருகிறாள், ஆடியோ இருந்தால் அந்த நேரமே அவளுக்கு வகுப்பு. ஐஐடிகள் நடத்துகிற ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் பாடத்தை எழுத்தாகப் போடுகிறார்கள், சில கோர்ஸ்களுக்குத் தமிழிலும் இருக்கிறது, ஒரு தடவை தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் பாதி பயம் போய்விடும். முடிந்தால் புத்தகமும் அச்சடித்து அனுப்புங்கள். உன் பெரியம்மா அஞ்சல்வழியில் பி.ஏ. படித்தபோது தபாலில் வந்த புத்தகங்கள் இன்னும் பரணில் கிடக்கின்றன. என் பாடமெல்லாம் லாகின் முடிந்த அன்றைக்கே காணாமல் போய்விடும்.

அப்புறம் நேரம். ஆன்லைனில் படிப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள், அதற்காகத்தானே இதில் சேர்கிறோம், இது இல்லையென்றால் எனக்கு எம்.ஏ.வே கிடையாது. ஆனால் கால அட்டவணையைப் பார்த்தால் இருபது வயதுப் பிள்ளைக்குப் போட்டது போல இருக்கும். ஜூனில் மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் எங்கள் சங்கத்தில் பயிர்க்கடன் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், அந்த வாரங்களில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் போதும் என்றிருக்கும். மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயமில் நான் படித்த ஒரு 12 வாரக் கோர்ஸில் வாரம் ஒரு அசைன்மெண்ட், அதில் நன்றாகச் செய்த 8ஐ மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டாம், மெடிக்கல் சர்டிஃபிகேட் தேட வேண்டாம், நாலு வாரம் விட்டுப்போனாலும் கோர்ஸ் கையில் இருக்கும். இது உங்களுக்குக் காசே செலவில்லாத காரியம், முதல் நாளே செய்யலாம்.

லைவ் வகுப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் புதுப் பாடத்தை அதில் நடத்தாதீர்கள். பாடத்தை ரெக்கார்டு செய்து கொடுத்துவிட்டு லைவில் டவுட்டு மட்டும் எடுங்கள், அன்றைக்கே ரெக்கார்டிங்கைப் போட்டுவிடுங்கள். கேமராவைப் போடு என்று கட்டாயப்படுத்தாதீர்கள், ஒரே அறை வீட்டில் பின்னால் மாமனார் படுத்திருப்பார், சின்னது அழுதுகொண்டிருக்கும், அதை நாற்பது பேருக்குக் காட்டிக்கொண்டு படிக்கணுமா.

பரீட்சை விஷயத்தில் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். நேரில் மையத்துக்குப் போய் எழுதுவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டிலிருந்து கேமரா முன்னால் எழுதிய பரீட்சையில், யோசிக்கும்போது ஜன்னல் பக்கம் பார்த்ததற்கு மூன்று தரம் எச்சரிக்கை வந்தது, நடுவில் கரண்ட் வேறு போயிற்று, பாடத்தை விட வைஃபை மேல்தான் பயம். சென்னை ஐஐடி 2020இல் ஆரம்பித்த டேட்டா சயின்ஸ் படிப்பு பாடம் முழுக்க ஆன்லைன், ஆனால் குவிஸும் இறுதித் தேர்வும் நேரில் மையத்தில். அந்தப் பட்டத்துக்கு மதிப்பு இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கைக்குழந்தைக்காரிகளும் வெளிநாட்டில் இருப்பவர்களும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்தான்.

மையத்தில் பரீட்சை வைக்க முடியாது என்றால் மாணவர்களுக்குப் போன் பண்ணிக் கேள்வி கேளுங்கள். இப்போது கேள்வியை அப்படியே சாட்ஜிபிடியில் போட்டு வருவதைக் காப்பி அடித்துக் கொடுக்கிறார்கள், எங்கள் குரூப்பிலேயே ஒரே பதில் ஏழெட்டுப் பேரிடம் வார்த்தை மாறாமல் இருந்தது, யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் யாரும் படிக்கவில்லை. ஒரு பேப்பருக்கு 300 பேர் என்று வை, ஆளுக்கு 5 நிமிஷம் போனில் நீ எழுதியதையே நீ சொல்லு என்று கேட்டால் 1,500 நிமிஷம், 25 மணி நேரம். ஐந்து ட்யூட்டர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 5 மணி நேரம். முடியாது என்று கமிட்டியில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டு. காப்பியும் நிற்கும், அந்த ஐந்து நிமிஷத்தில் எங்களோடு ஒரு ஆசிரியர் பேசியதாகவும் இருக்கும்.

இன்னொன்று, பட்டம் செல்லுமா என்று கேட்காத ஆளே கிடையாது. உன் மாமா இதையும் அஞ்சல்வழி என்று நினைத்து இன்னும் "கரஸ்ஸா?" என்றுதான் கேட்கிறார். அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டமும் நேரில் படித்த பட்டமும் சமம் என்று யூஜிசி 2022 செப்டம்பரில் அறிவிப்பே விட்டிருக்கிறது. அதையும் உங்கள் அனுமதிக் கடிதத்தையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள், தேடித் தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி வைக்காதீர்கள்.

கருத்துப் படிவத்தில் ஐந்து ஸ்டார் கேட்காதீர்கள், அதைக் கடைசியில் அனுப்பாதீர்கள். மூணாவது வாரம் ரெண்டே கேள்வி கேளுங்கள், எந்த இடத்தில் புரியவில்லை, போன வாரம் ஏன் உள்ளே வரவில்லை என்று. வராதவருக்கு ட்யூட்டர் ஒரு போன் போட்டால் போதும், விட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் போகாமல் படிப்பிலேயே இருந்துவிடுவார்கள் என்பது என் எண்ணம், ப்ராஜெக்ட் முடிந்ததும் அது சரியா என்று சொல்கிறேன்.

உன் சாம்பிள் பாடத்தை எடிட் பண்ணாமல் அப்படியே அனுப்பு. எங்கள் குரூப்பில் போடுகிறேன், மகன் என்று சொல்ல மாட்டேன், அப்போதுதான் உள்ளதைச் சொல்வார்கள். அடுத்த வாரம் எனக்குப் பரீட்சை ஆரம்பம், ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் பண்ணினால் அப்பாவோடு பேசு.

அன்புடன்,
அம்மா