சிக்னலில் ஆறு நொடி வாங்கித் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பெரியவர்களே, நண்பர்களே, அக்கம்பக்கத்தாரே,

எங்கள் நகரத்தின் பாதசாரிகள், சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான ஆலோசனைக் குழுவில் என் பதவிக்காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. நகர மன்றக் கூட்டத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். பதிலுக்கு நான் பேசக் கிடைத்தது ஒரு நிமிடம். அதில் உங்கள் யாரைப் பற்றியும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கைதட்டலில் பெரும்பங்கு உங்களுக்குச் சேர வேண்டியது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இந்தக் குழுக்கள் என்ன செய்கின்றன என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே கலிஃபோர்னியாவில் பல நகரங்களில் நூலகம், பூங்கா, முதியோர் நலன், கலை, போக்குவரத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு இருக்கும். உறுப்பினர்கள் ஊரில் குடியிருப்பவர்கள். எங்களைப் போல் பெரும்பாலான குழுக்களில் சம்பளம் கிடையாது. மாதம் ஒருநாள் மாலையில் கூடி, நகர ஊழியர்கள் கொண்டுவரும் திட்டங்களைப் பார்த்து, வந்திருக்கும் மக்கள் சொல்வதைக் கேட்டு, நகர மன்றத்துக்குப் பரிந்துரை செய்வோம். திட்டமிடல் குழு போன்ற சிலவற்றுக்குத் தாங்களே முடிவெடுக்கும் அதிகாரமும் உண்டு. எங்களுடையது பரிந்துரையோடு சரி.

முதல் நன்றி, எதிர் வீட்டு அக்காவுக்கு. குடியுரிமை வாங்கினால்தான் இதற்கெல்லாம் விண்ணப்பிக்க முடியும் என்று நான் நினைத்திருந்தேன். இன்றும் நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிரீன் கார்டு வந்த கையோடு என்னை உட்கார வைத்து, 2019-ல் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தைக் காட்டியவர் அக்கா. 18 வயது நிறைந்து, இந்த மாநிலத்தில் குடியிருந்தால், நியமனப் பதவிகளுக்குக் குடியுரிமையோ விசா நிலையோ தடையில்லை என்கிறது அந்தச் சட்டம். சான் ஃபிரான்சிஸ்கோவில் நகர சாசனத்திலேயே இப்படி ஒரு தடை இருந்தது. 2020 நவம்பரில் அதை வாக்காளர்களே ஓட்டுப் போட்டு நீக்கினார்கள். விண்ணப்பத்தில் "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்கு நான் பெரிய பெரிய வார்த்தைகளாகத் தேடிக்கொண்டிருந்தபோது, "பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போறியே, வழியில என்ன பார்க்கிற? அதை எழுது" என்று சொன்னதும் அவர்தான். அதை மட்டும்தான் எழுதினேன். நேர்காணலில் கேட்ட கேள்விகளும் அதைப் பற்றியே இருந்தன.

சொத்து விவரப் படிவத்தை நிரப்ப உதவிய கணக்காளர் தம்பிக்கும், முதல் கூட்டத்துக்கு முன்னால் யார் எப்போது பேசலாம், தீர்மானத்தை எப்படி முன்மொழிவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த, நகரத்தின் கூட்டங்களையும் பதிவேடுகளையும் கவனிக்கும் சிட்டி கிளார்க் அலுவலக அம்மாவுக்கும் என் வணக்கம்.

குழுவில் என்னோடு இருந்தவர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என் பக்கத்து இருக்கை. ஊழியர் அறிக்கை வந்தால் முதல் பக்கத்தை விட்டுவிட்டு, பணம் எங்கிருந்து வருகிறது என்ற பத்தியைத் தேடிப் படிக்கச் சொன்னார். பணம் ஒதுக்காத திட்டம் எத்தனை அழகான படங்களோடு வந்தாலும் தெருவுக்கு வராது என்பார். சக்கர நாற்காலியில் வரும் இன்னொரு உறுப்பினர், எங்கள் எல்லோரையும் ஒரு சனிக்கிழமை தன் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் கூட்டிப்போனார். குழுவில் பெரும்பான்மைப் பேர் சேர்ந்து குழுவின் வேலையாக ஒரு தெருவில் நடந்தாலும் சட்டப்படி அது கூட்டம்தான். அதனால் முறையாக அறிவிப்பு ஒட்டி, வர விரும்பிய பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு போனோம். சிக்னல் பொத்தான் அவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. குப்பை எடுக்கும் நாளில் நடைபாதையை அடைத்து நிற்கும் தொட்டிகளைத் தாண்ட அவர் வண்டிகள் ஓடும் சாலையில் இறங்க வேண்டியிருந்தது. வரைபடத்தில் அந்தத் தெரு "நடைபாதை முழுமை" என்று பச்சைக் கோட்டில் இருக்கிறது. அந்த நடைக்குப் பிறகு எந்தப் பச்சைக் கோட்டையும் நான் அப்படியே நம்பியதில்லை. அவருக்கு நான் பட்ட கடன் பெரியது.

அப்புறம், பூங்காவில் காலையில் நடக்கும் நம் அம்மாக்கள், அப்பாக்கள். இந்த மடலை எழுதத் தூண்டியதே நீங்கள்தான். ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்து, கார் ஓட்டாமல், மளிகைக் கடைக்கும் கோயிலுக்கும் நூலகத்துக்கும் நடந்தே போகிறவர்கள் நீங்கள். இந்த நகரத்தின் நடைபாதைகளை உங்களைப் போல் அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. பூங்காவுக்கு எதிரே இருக்கும் அந்த அகலமான சாலையில், நடப்பவர்களுக்கான சிக்னலில் எண்கள் குறைந்துகொண்டே வந்து பூஜ்யம் ஆகும்போது நீங்கள் இன்னும் மூன்றாவது தடத்தில்தான் இருக்கிறீர்கள் என்பது எங்கள் குழுவில் யாருக்கும் தெரியாது. எனக்கும் நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

குழுவில் வந்து பேசுங்கள் என்று நான் கேட்டபோது தயங்கினீர்கள். இந்த ஊர்க்காரர்கள் இல்லையே, வாக்கு இல்லையே, ஆங்கிலம் வராதே என்றீர்கள். ஆனால் கூட்டத்தில் பேச இவை எதுவும் தேவையில்லை. 1953-ல் வந்த பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் மூடிய அறைக்குள் முடிவெடுப்பதை ஒரு சான் ஃபிரான்சிஸ்கோ நாளிதழ் 1952-ல் தொடர் கட்டுரைகளாக வெளிப்படுத்தியதன் பேரில், ரால்ஃப் பிரவுன் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்தது. இந்த மாநிலத்தில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அதுதான். வழக்கமான கூட்டத்துக்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்னால் நிகழ்ச்சி நிரலை ஒட்டியாக வேண்டும். யார் வேண்டுமானாலும் வரலாம், வருகிறவரிடம் பெயரைக்கூடக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது. 2016-ல் சேர்த்த ஒரு திருத்தம் இன்னும் அருமையானது. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்கு, மற்றவர்களுக்குத் தரும் நேரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தர வேண்டும்.

திருநெல்வேலி அம்மா முதல்முறை வந்து தமிழில் பேசியது அப்படித்தான். மற்றவர்களுக்கு மூன்று நிமிடம், அவருக்கு ஆறு. பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னாள் நம் தமிழ்ப் பள்ளியில் படித்த பதினொன்றாம் வகுப்புப் பெண். அம்மா பேசி முடித்ததும் தலைவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். "ஏன் யாருமே ஒரு பதில் சொல்லல?" என்று அம்மா வெளியே வந்து கேட்ட முகம் மறக்கவில்லை. அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தை நாங்கள் விவாதிக்க முடியாது, அடுத்த நிரலில் சேர்க்கச் சொல்லலாம் என்று விளக்கினேன். மனத்தாங்கலோடு போனாலும், அம்மா அடுத்த மாதமும் வந்தார். அந்த முறை விஷயம் நிரலில் இருந்தது. பூங்காவில் நடக்கும் அத்தனை பேரும் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள்.

அன்று போக்குவரத்துப் பொறியாளர் தந்த விளக்கத்துக்காக அவருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒரு மனிதர் நொடிக்கு மூன்றரை அடி நடப்பார் என்று வைத்துத்தான் பொதுவாகச் சிக்னல் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். 90 அடி சாலையைக் கடக்க அந்தக் கணக்கில் 26 நொடி வரும். முதியோரும் உடல் ஊனமுற்றோரும் வழக்கமாகக் கடக்கும் இடமென்றால் நொடிக்கு 2.8 அடி என்று வைத்துக் கணக்கிடலாம் என்று கலிஃபோர்னியாவின் கையேடே சொல்கிறது. அப்போது 32 நொடி. ஆறு நொடி கூடுதல். அந்த இடத்தை முதியோர் வழக்கமாகக் கடக்கிறார்கள் என்பதற்கு அவரிடம் அதுவரைக்கும் பதிவு எதுவும் இல்லை. "எங்களுக்கு நடக்கத் தெரியும் தம்பி, ஓடத்தான் முடியாது" என்று அம்மா சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியது. பின்வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருந்ததும்தான் பதிவு.

ஒரு திசைக்கு ஆறு நொடி கூட்டினால் இன்னொரு திசையிலிருந்து எடுக்க வேண்டும். அந்தச் சாலையில் வரிசையாக இருக்கும் மற்ற சிக்னல்களோடும் அது ஒத்துப்போக வேண்டும். பொறியாளர் முடியாது என்று சொல்லி ஒதுங்கவில்லை, அதையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இப்போது அந்தச் சிக்னலில் 32 நொடி ஓடுகிறது.

நிகழ்ச்சி நிரல் வந்த அன்றே படித்து, நாலு வரியில் தமிழாக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்ட அண்ணனுக்கு நன்றி. அந்தக் குழுவில் நான் பேச்சே கொடுக்கவில்லை என்று சிலருக்கு வருத்தம் இருந்தது தெரியும். எங்கள் ஆலோசனைக் குழு உறுப்பினர் இன்னும் ஒருவரும் அதில் இருந்தார். எங்கள் வரம்புக்குள் வரும் விஷயத்தைப் பற்றிச் சமூக ஊடகத்தில் சக உறுப்பினர் எழுதியதற்கு ஒரு கட்டைவிரல் படம்கூடப் போடக் கூடாது என்று 2020-ல் சட்டம் வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பிலும் அதே எச்சரிக்கையோடு இருந்தேன். புரிந்துகொண்டு விட்டுக்கொடுத்தீர்கள்.

எங்களை எதிர்த்து வந்தவர்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு. கடக்கும் கோட்டுக்கு முன்னால் 20 அடிக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது. நிற்கும் வண்டி மறைத்தால், ஓட்டுநருக்குக் குழந்தை தெரியாது, குழந்தைக்கும் வண்டி தெரியாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் முக்கு ரொட்டிக் கடைக்காரருக்கு வாசலில் இரண்டு வண்டி நிற்கும் இடம் போயிற்று. கோபமாகத்தான் வந்தார். விடியற்காலையில் மாவு மூட்டை எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதி எடுத்து வந்திருந்தார். பக்கத் தெருவில் காலை நேரத்துக்கு மட்டும் சரக்கு இறக்கும் இடம் குறிக்கலாம் என்பது அவர் கொண்டுவந்த யோசனை, பரிந்துரையில் அப்படியே சேர்த்தோம். காலியான அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தும் கம்பிகள் வந்தன, சட்டம் அதை அனுமதிக்கிறது. அவர் வராமல் இருந்திருந்தால் எங்கள் பரிந்துரை அரைகுறையாகத்தான் போயிருக்கும்.

எல்லாம் நடந்துவிடவில்லை. பள்ளிக்கூடத் தெருவில் தடுப்போடு கூடிய சைக்கிள் பாதை வேண்டும் என்று நாங்கள் ஒருமனதாகப் பரிந்துரைத்ததை நகர மன்றம் ஏற்கவில்லை. பணம் ஒரு காரணம், அந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் எதிர்ப்பு இன்னொன்று. அன்று இரவு பதினோரு மணி வரைக்கும் மன்றத்தில் பிள்ளைகளோடு காத்திருந்து பேசிய பெற்றோருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாதை வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நீங்கள் பேசியது பதிவில் இருக்கிறது, அடுத்த நிதித் திட்டம் வரும்போது ஊழியர்கள் அதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது நானும் உங்களோடு மைக் முன்னால் வரிசையில் நிற்பேன்.

கூட்ட நாட்களில் சமையலையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் பார்த்துக்கொண்ட என் கணவருக்கும், பிந்தினால் தன் வீட்டிலேயே பிள்ளைகளைச் சாப்பிட வைத்துத் தூங்க வைத்த பக்கத்து வீட்டு அத்தைக்கும், கடைசி ஆள் கிளம்பும் வரைக்கும் ஒலிப்பதிவை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்த தம்பிக்கும், அறையைப் பூட்டக் காத்திருந்த காவலாளிக்கும் நன்றி.

இனி என் இருக்கை காலி. அடுத்த ஆண்டில் எந்தெந்தக் குழுவில் யார் யாருடைய பதவிக்காலம் முடிகிறது என்ற பட்டியலை ஒவ்வொரு நகரமும் டிசம்பர் 31-க்குள் வெளியிட வேண்டும் என்று 1975 முதலே இங்கே சட்டம் இருக்கிறது. சிட்டி கிளார்க் அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். எங்கள் குழுவோடு நூலகக் குழுவிலும் முதியோர் குழுவிலும் இந்த முறை இடங்கள் வருகின்றன. மொழிபெயர்த்த அந்தப் பெண்ணுக்கு வரும் கோடையில் 18 ஆகிறது. அவளிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில் என்னைப் பிடியுங்கள், உட்கார்ந்து சேர்ந்தே எழுதிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரி