பெல் மாட்டிக்கொண்டு வாருங்கள்

ஞாயிறுதோறும் விடிந்தும் விடியாமலும் ராமநாதபுரம் ஜில்லா சேதுக்கரையில் கிளம்பி வாலிநோக்கம் பக்கம் கடலோரமாகவே கியர் சைக்கிள் மிதிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். கருவேல முள் ஏறி டயர் படுத்துவிட்டால் உருட்டிக்கொண்டு வருவீர்களே, அந்த வேப்பமரத்தடி சைக்கிள் கடை என்னுடையது. பஞ்சர் ஒட்டும்போது எவ்வளவோ பேசுவோம். இதை மட்டும் நேரில் பேச வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் நடந்ததைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தீர்கள். உங்களில் ஒருவரின் சைக்கிள் பின்னாலிருந்து மோதி, தண்ணீர்க் குடங்களோடு விழுந்தவர் என் சித்தி. கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது. இடது மணிக்கட்டுதான் இன்னும் குடத்தைத் தாங்க மாட்டேன் என்கிறது. மோதிய தம்பி உடனே இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார், ஐந்நூறு ரூபாய்த் தாளையும் நீட்டினார். சித்தி வாங்கவில்லை. ரோஷக்காரி என்று நினைத்திருப்பீர்கள். அவர் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை, மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு குடத் தண்ணீரும் உள்ளே இறங்கி ஈரம் மட்டும் மிச்சமிருந்தது. “தண்ணி போச்சே” என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒருவர், “பாட்டிலில் இருக்கும்மா, குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். நல்ல மனசுதான். ஆனால் எது போச்சு என்று அவருக்கு விளங்கவில்லை.

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராத நாளில் கடற்கரை ஊற்றுதான் கதி. மணலில் ஓர் ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்குத் தோண்டியிருப்போம். உப்புத் தண்ணீர் கீழே கிடக்க, மழையில் இறங்கிய நல்ல தண்ணீர் அதற்கு மேலே மெல்லிசாக மிதக்கும். வாளியை விட்டு இறைத்தால் கலங்கும், உப்பும் ஏறிவிடும். அதனால் சிரட்டை. ஒரு சிரட்டை மொண்டு, வாயில் துணி கட்டிய குடத்தில் ஊற்ற வேண்டும். அடுத்தது ஊறும் வரை குந்தியிருந்து, மறுபடி மொள்ள வேண்டும். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரமாகும், அதற்கு முன்னால் வரிசையில் காத்திருப்பது தனி. அன்றைக்குச் சித்தி நாலரை மணிக்கே போனவர். ஆறே முக்காலுக்குத் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று திரும்பிக்கொண்டிருந்தார். அப்புறம் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

தலையில் குடம் இருக்கிறவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. பின்னால் யார் என்று பார்க்க வேண்டுமென்றால் சும்மாடும் குடமும் அசையாமல் உடம்பு முழுக்கத் திரும்ப வேண்டும். அதற்கு நாலு அடி வைக்கிற நேரமாவது கொடுக்க வேண்டாமா? நீங்கள் கொடுத்தது “லெஃப்ட்! லெஃப்ட்!” என்ற சத்தம். இடப்பக்கமாக முந்துகிறேன் என்று அர்த்தமாம். அந்த அவசரத்தில் யாருக்கு அப்படி விளங்கும்? இடப்பக்கம் ஒதுங்கு என்றுதான் காதில் விழும். சித்தியும் இடப்பக்கம்தான் ஒதுங்கினார்.

உங்கள் வண்டியின் சத்தம் ஏன் கேட்கவில்லை என்று கேட்கிறீர்கள். தொழில்காரன் சொல்கிறேன். பின் சக்கரம் ‘கிறுகிறு’ என்று சத்தம் போடுவது நீங்கள் மிதிக்காமல் உருளவிடும்போதுதான். மணலில் மிதித்துக்கொண்டே இருந்தால்தான் வண்டி நகரும், அதனால் அந்தச் சத்தமும் கிடையாது. தடித்த டயர் மணலில் பூனை மாதிரி வரும். இதற்கு மேல், மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று. மேற்கே பார்த்து நடக்கிறவர் காதில் காற்று அறைந்துகொண்டிருக்கும், பின்னால் வருகிற சத்தம் பின்னாலேயே போய்விடும். எதிர்காற்றில் நீங்களும் தலையைக் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்துத்தான் மிதிக்கிறீர்கள். ஆக அவருக்கும் கேட்காது, நீங்களும் பார்க்க மாட்டீர்கள். அதனால்தான் சொல்கிறேன், பெல் மாட்டுங்கள். இருபது முப்பது அடி வந்ததும் அடிக்காதீர்கள், நூறு அடிக்கு முன்னாலேயே மூன்று நான்கு தடவை அடியுங்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டினாலோ நின்றாலோதான் கேட்டுவிட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

பெல் ஏன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். புது வண்டி வாங்கியதும் என்னிடம் கொண்டுவந்து, “அண்ணே, இந்த பெல்லையும் ரிஃப்ளெக்டரையும் கழற்றிடுங்க, வெயிட்டு” என்று சொன்னவர்களே நாலைந்து பேர். கழற்றியவை ஒரு பால் பவுடர் டின்னில் கிடக்கின்றன. எடை போடாமலே சொல்வேன், ஒரு பெல் நூறு கிராமைத் தாண்டாது. உங்கள் பாட்டில் தண்ணீரே முக்கால் கிலோ.

இன்னொருவர், இந்த ஹேண்டில்பாருக்கு நம்ம ஊர் பெல் பொருந்தாது என்றார். நடுவில் பொருந்தாதுதான், அங்கே 31.8 மில்லிமீட்டர். கைப்பிடி ஓரத்தில் 22.2. நம் பழைய பெல்லின் பட்டை அங்கே சொல்லி வைத்த மாதிரி உட்காரும். மேட்டுப் பள்ளத்தில் தானாகக் கிணுகிணுக்கிறது என்றால், பட்டைக்கு அடியில் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். வேறு சாக்கு ஏதாவது இருந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள், அதையும் சரி பண்ணித் தருகிறேன்.

மலை சைக்கிள் என்கிறீர்கள். இந்த ஜில்லாவில் மலையைத் தேடி நானும் அலுத்துவிட்டேன். ராமேஸ்வரத்தில் ஒரு மணல் மேட்டுக்குக் கந்தமாதன பர்வதம் என்று பெயர் வைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறோம். சரி, மலை இல்லாவிட்டாலும் மலைக்காரர்களின் வழக்கத்தையாவது எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் எழுதி வைத்திருக்கிற விதியில், பாதையில் நடந்து போகிறவருக்குச் சைக்கிள்காரர்தான் வழிவிட வேண்டும். வருவதை முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும், அதற்கு ஒரு வணக்கமோ பெல்லோ நல்லது என்றும் இருக்கிறது. விலங்குகளை மிரளவிடக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. மூன்று வாரத்துக்கு முன்னால் உங்களைக் கண்டு சிதறிய ஆடுகளைக் கருவேலங்காட்டில் மத்தியானம் வரை தேடிய பையனுக்கு இதைப் படித்துக் காட்டினேன், சிரித்தான். ஆட்டின் கழுத்திலேயே மணி இருக்கிறது. மீன்காரர் வண்டியில் பாம் பாம் ஹாரன் இருக்கிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற சைக்கிளில்கூட பெல் இருக்கிறது. அறுபதாயிரம், எழுபதாயிரம் ரூபாய் வண்டியில்தான் இல்லை.

கோபம் உங்கள் மேல் மட்டுமில்லை. முன்பு கடற்கரைக்கு எந்தப் பக்கமிருந்தும் இறங்கலாம். இப்போது ஒரு பக்கம் இறால் பண்ணை வேலி, ஒரு பக்கம் யாரோ வாங்கிப் போட்ட இடத்தின் கம்பிக் கட்டு. கடல்பாசி எடுக்கிற பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் போனால், அது 1986-லேயே தேசியப் பூங்காவாகிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். உத்தியோகஸ்தர்களை மிரட்ட “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்” என்பார்களே, அந்தக் காட்டில் பிறந்தே கிடக்கிறவர்களுக்கு எங்கே மாற்றல் கொடுப்பார்கள்? எஞ்சியிருப்பது இந்த ஒற்றையடிப்பாதை ஒன்றுதான். ஊற்றுக்கும் அதுதான், வள்ளத்துக்கும் அதுதான், காட்டுக்கு ஒதுங்கவும் அதுதான். உங்கள் ஆட்கள் அதைப் படம் பிடித்து ‘ஆளில்லாத கடற்கரைப் பாதை’ என்று போட்டிருந்தார்கள். படத்தின் ஓரத்தில் ஒரு குடம் தெரிந்தது.

இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். இங்கே வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வருவதால் டீக்கடைக்கும் எனக்கும் நாலு காசு, பையன்களுக்கு வேடிக்கை. வாருங்கள், பெல் மாட்டிக்கொண்டு வாருங்கள். காதில் செருகியிருப்பதை எங்கள் ஊர் தாண்டும் வரையாவது கழற்றி வையுங்கள். தலைச்சுமையோடு யாராவது நடந்தால் நீங்கள் நின்று, அவர்களைப் போகவிடுங்கள். தயவுசெய்து.

கலிபோர்னியாவில் சில மலைப்பாதைகள் தொடங்கும் இடத்தில் ஒரு பெட்டி நிறைய மணிகள் வைத்திருப்பார்களாம். எடுத்து மாட்டிக்கொண்டு போய், திரும்பும்போது போட்டுவிட வேண்டுமாம். அதே மாதிரி நானும் பால் பவுடர் டின்னை, தார் ரோடு முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்துப் பனைமரத்தில் கட்டிவிட்டேன். உள்ளே பதினோரு பெல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். காசு வேண்டாம், அதில் நாலைந்து உங்களுடையதுதானே. ஸ்க்ரூடிரைவரை மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள், கடையில் அது ஒன்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
வேப்பமரத்தடி சைக்கிள் கடைக்காரன்